சிவப்புக்கு மேல் நிறமில்லை

வானிலை எச்சரிக்கை வரைபடத்தில் நான்கே நிறங்கள்தான். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. மழைக்கும் இந்திய வானிலை ஆய்வுத் துறை வரம்பு வகுத்து வைத்திருக்கிறது. 24 மணி நேரத்தில் ஆறரை சென்டிமீட்டரை ஒட்டிப் பெய்தால் கனமழை, பதினொன்றரையைத் தாண்டினால் மிக கனமழை, 20.4 செ.மீ. தாண்டிவிட்டால் அதி கனமழை. அதற்கு மேல் வரம்பு கிடையாது, நிறமும் கிடையாது.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் காலை எட்டரை மணிக்குக் கணக்கு முடித்தபோது காயல்பட்டினத்தில் 95 செ.மீ. பதிவாகியிருந்தது. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. எங்கள் தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஒரு வருடம் முழுக்கக் கிடைக்கிற மழையைக் காயல்பட்டினம் ஒரே நாளில் வாங்கி, அதற்கு மேலும் வாங்கிக்கொண்டது. ஆனால் வகைப்பாட்டின்படி 21 செ.மீ. பெய்த ஊரும் 95 செ.மீ. பெய்த ஊரும் ஒரே பெட்டிக்குள் போய்விடும். வரைபடத்தில் இரண்டுக்கும் ஒரே சிவப்பு.

நியாயமாகச் சொன்னால், எச்சரிக்கைப் படத்தின் சிவப்பு மழையை அளக்க வைத்த நிறமே இல்லை. நிர்வாகம் என்ன செய்ய வேண்டும் என்பதற்கான சைகை அது. மஞ்சள் என்றால் கவனி, ஆரஞ்சு என்றால் தயாராகு, சிவப்பு என்றால் இறங்கு. அந்த வேலைக்கு நான்கு நிறம் தாராளம். வாசல்படியில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே கைபேசியில் அதே படத்தைத் திறக்கிறவருக்குத்தான் போதாது. கலெக்டருக்காக வரைந்த படம் வாட்ஸ்அப் வழியாக எல்லோர் கைக்கும் வந்துவிட்டது. முன்னறிவிப்பு போதுமா போதாதா என்று அப்போது சென்னையும் டெல்லியும் மாறி மாறிப் பேசிக்கொண்டதை இங்கே விட்டுவிடுவோம். என் கவலை, மழை ஓய்ந்த பிறகு வரையப்பட்ட படங்களைப் பற்றியது. எண் கையில் கிடைத்த பிறகும் ஏன் அதே நான்கு நிறத்துக்குள் அதை அடைக்கிறோம்?

எனக்கு இந்தக் கவலை வந்ததற்குக் காரணம் என் பிழைப்பு. நான் ஆராய்ச்சியாளன் இல்லை. ஆராய்ச்சி செய்கிறவர்களுக்குப் படம் போட்டுக் கொடுப்பவன். முனைவர் பட்ட மாணவர்கள், கல்லூரி ஆசிரியர்கள், எப்போதாவது தொண்டு நிறுவனத்துக்காரர்கள் எக்செல் கோப்போடு வருவார்கள். அதை வரைபடமாக்கிக் கொடுப்பேன். நான் இருக்கும் சாயர்புரம், போப் ஐயர் 1840களில் செமினரி நடத்திய ஊர். அவர் பெயரில் இன்றைக்குக் கல்லூரி இருக்கிறது. நாசரேத், தூத்துக்குடி, திருச்செந்தூர், பாளையங்கோட்டை என்று எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் கல்லூரி வாசலில்தான் போய் இறங்க வேண்டும். ஆகவே வேலைக்குக் குறைவில்லை. காசு வைவா முடிந்த பிறகுதான் வரும். அது தனிக்கதை.

வெள்ளம் பற்றி ஆய்வு செய்யும் மாணவி ஒருவரின் மழை வரைபடத்தைத் திரையில் திறந்து வைத்திருந்தபோது, பெருங்குளம் பக்கம் வாழை போட்டிருக்கும் அண்ணாச்சி ஒருவர் ஏதோ ஜெராக்ஸ் எடுக்க வந்தார்.

“என்ன தம்பி இது?”

“மழ அண்ணாச்சி. அந்த டிசம்பர்ல பெஞ்சது.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். “இதுல ஏரல் எங்க இருக்கு?” காட்டினேன். “காயல்பட்டணம்?” அதையும் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ரெண்டும் ஒரே செவப்பால்லா இருக்கு. அங்கதான கூடப் பெஞ்சுதுன்னு சொன்னாவ?”

நெறியாளர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. மாணவியும் நானும் உட்கார்ந்து அந்தப் படத்தை மறுபடி வரைந்தோம். முதலில் செய்தது நிறப்பட்டையை 20.4இல் நிறுத்தாமல் 95 வரைக்கும் நீட்டியது. உடனே படம் வேறாகிவிட்டது. மாவட்டம் முழுக்கப் பரவிக் கிடந்த சிவப்பு கலைந்து, கடலோரத்தில் காயல்பட்டினத்தைச் சுற்றி அடர்ந்த ஒரு திட்டும், அங்கிருந்து உள்ளே போகப் போக வெளிறும் நிறமுமாக வந்தது. மழை எங்கே மையம் கொண்டிருந்தது என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தது. தரவில் ஒரு எண்ணைக்கூட மாற்றவில்லை.

இரண்டாவதாக வரைந்ததுதான் எனக்குப் பிடித்த படம். 95 செ.மீ. என்பது ஒரு மீட்டருக்கு ஐந்து குறைவு. அதைச் சுருக்கி வரைய வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லையே. ஃப்ளெக்ஸில் அசல் உயரத்திலேயே நான்கு தூண் வரையலாம். பக்கத்தில் ஓர் ஆள் நின்றால் கனமழை என்ற வரம்பு கணுக்கால் அளவுதான். அதி கனமழை முழங்காலுக்குக் கீழேயே நின்றுவிடும். ஸ்ரீவைகுண்டம் தொடைக்கு ஏறும், காயல்பட்டினம் இடுப்புக்கு வரும். கீழே பெரிய எழுத்தில் ஒரு வரி கட்டாயம் வேண்டும்: இது வானத்திலிருந்து விழுந்த மழையின் உயரம், தெருவில் நின்ற வெள்ளத்தின் உயரம் அல்ல. ஏரலைத் தீவாக்கிய தண்ணீர் தாமிரபரணியில் வந்ததும், குளம் உடைந்து வந்ததும், பெய்ததும் எல்லாம் சேர்ந்த தண்ணீர். இந்த ஒரு வரியை விட்டுவிட்டால் படம் பொய் சொல்ல ஆரம்பித்துவிடும்.

மாணவிக்கு இன்னொரு கணக்கும் போட்டுக் கொடுத்தேன். ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் 95 செ.மீ. மழை என்றால் 95 கோடி லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரியில் நிரப்பினால் ஏறக்குறைய 79,000 லாரி. தூத்துக்குடி மாவட்டத்துக்காரர்களுக்குத் தண்ணீர் லாரியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஒரு லாரிப் படத்துக்கு ஆயிரம் லாரி என்று வைத்து 79 லாரிகளை வரிசையாக அடுக்கினால் அரைப் பக்கத்தில் அடங்கிவிடும்.

லாரியைப் பெரிதாக வரையாமல் எண்ணிக்கையைக் கூட்டுகிற இந்த முறை நான் கண்டுபிடித்ததில்லை. 1920களில் வியன்னாவில் ஓட்டோ நியூராத் தொடங்கி வைத்தது. பின்னால் ஐசோடைப் என்று பெயர் பெற்றது. உருவத்தை இரண்டு மடங்கு உயரமாக்கினால் அகலமும் கூடிப் பரப்பு நான்கு மடங்காகிவிடும், கண் ஏமாந்துபோகும். அதனால் அளவு கூடினால் உருவங்கள் கூட வேண்டும் என்பது அவர்கள் விதி. அந்தக் குழுவில் கெர்ட் ஆர்ன்ட்ஸ் என்ற ஓவியர் குறியீடுகளை வடித்தார். எனக்கு அவரைவிட முக்கியமாகப் படுகிறவர் மரீ நியூராத். புள்ளிவிவரக்காரருக்கும் ஓவியருக்கும் நடுவில் உட்கார்ந்து, இந்தத் தரவில் எதைச் சொல்வது, எதை விடுவது, எந்த வரிசையில் வைப்பது என்று தீர்மானிப்பதுதான் அவருடைய வேலை. கணவர் ஓட்டோ இறந்த பிறகும் அதைத் தொடர்ந்தார். 1950களில் மேற்கு நைஜீரியாவில் சுகாதாரம், விவசாயம் பற்றிய பிரசுரங்களுக்காக அங்குள்ள வீடும் உடையும் எப்படி இருக்கின்றன என்று பார்த்துக் குறியீடுகளை மாற்றியிருக்கிறார். நம் பல்கலைக்கழகங்களில் புள்ளியியல் ஆலோசகர் இருக்கிறார், ஆங்கிலம் திருத்துகிறவர் இருக்கிறார், கருத்துத் திருட்டைப் பிடிக்கும் மென்பொருள் இருக்கிறது. மரீ உட்கார்ந்த நாற்காலி மட்டும் எங்கும் இல்லை.

அது இல்லாததால் வரும் கோளாறுகளில் முதலாவது நிறம். வெப்பநிலை, ஆழம், உப்புத்தன்மை எதை வரைந்தாலும் நீலத்தில் தொடங்கி பச்சை, மஞ்சள் வழியாகச் சிவப்பில் முடியும் வானவில் பட்டைதான் வருகிறது. பல வருடம் மென்பொருள்கள் அதைத்தான் தானாகக் கொடுத்துக்கொண்டிருந்தன. பார்க்கப் பளபளவென்று இருக்கும். ஆய்வேட்டை ஜெராக்ஸ் போட்டுப் பாருங்கள். அடர்நீலமும் அடர்சிவப்பும் ஒரே சாம்பலாகும், நடுவில் இருக்கும் மஞ்சள் வெளுத்துப்போகும். கடல் மிகக் குளிர்ந்த இடமும் மிகச் சூடான இடமும் ஒன்றாகத் தெரியும். சிவப்பு பச்சை பிரித்தறிய முடியாதவர்கள் ஆண்களில் நூற்றுக்குச் சிலராவது இருக்கிறார்கள், அவர்களுக்கு ஜெராக்ஸே தேவையில்லை. 2015இல் வந்த விரிடிஸ் என்ற நிறப்பட்டை இதற்காகவே செய்யப்பட்டது. ஊதாவில் தொடங்கி மஞ்சளில் முடியும், வெளிச்சம் ஒரே சீராகக் கூடிக்கொண்டே போகும், கறுப்பு வெள்ளையிலும் வரிசை மாறாது. மென்பொருளில் ஒரு வார்த்தையை மாற்றினால் வேலை முடிந்தது. இருந்தும் “சார் கலர்ஃபுல்லா வேணும்னு சொன்னாங்க” என்பதைத்தான் வாரா வாரம் கேட்கிறேன்.

நிறத்தை விடுங்கள், எண்ணுக்கு வருவோம்.

மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளைத் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையம் நீண்ட காலமாகக் கண்காணித்து வருகிறது. கடலடியில் டேப்பை விரித்து, டேப்புக்கு நேர் கீழே உயிருள்ள பவளமா, செத்ததா, மணலா, பாசியா என்று குறித்துக்கொண்டே போக வேண்டும். சுவாசக் கருவியோடு செய்யும் நில அளவை என்று வைத்துக்கொள்ளுங்களேன். 2016 கோடையில் கடல் நீர் சூடாகிப் பவளங்கள் வெளுத்தபோது அவர்கள் எடுத்த கணக்கு இது: உயிருள்ள பவளத்தின் பரப்பு சுமார் 39 சதவீதத்திலிருந்து சுமார் 23 சதவீதமாக இறங்கியது.

இதை எப்படி வரைவது? 16 புள்ளி குறைந்தது என்று சொல்லலாம். உண்மை. அடக்கமாகத் தெரியும். இருந்த பவளத்தில் ஐந்தில் இரண்டு பங்கு ஒரே பருவத்தில் செத்துவிட்டது என்றும் சொல்லலாம். அதுவும் உண்மை, நெஞ்சு திக்கென்னும். இன்னும் சிலர் நெட்டச்சை 20இல் தொடங்கி வரைவார்கள். அப்போது இரண்டாவது தூண் தரையோடு ஒட்டிக்கொண்டு, பவளமே அழிந்துபோனதுபோல் இருக்கும். மூன்றாவது ஏமாற்று வேலை. முதல் இரண்டில் எது சரி என்று கேட்டு வருகிற மாணவர்களிடம் நான் சொல்வது, தூண்களைப் பூஜ்யத்திலிருந்து 39, 23 என்று முழுதாக வரையுங்கள், தலைப்பில் “ஐந்தில் இரண்டு பங்கு இறந்தது” என்று எழுதுங்கள். அளவைப் பார்க்கிறவர் கண் எடுத்துக்கொள்ளட்டும், அதன் பொருளைத் தலைப்பு சொல்லட்டும். தலைப்பு என்றவுடன் “பவளப் பரப்பின் சதவீத மாற்றம்: ஓர் ஒப்பீடு” என்று எழுதுகிற பழக்கத்தை ஒழித்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

அதே ஆய்வுகளில் வரும் புகைப்படங்களில் எண்ணைவிடப் பெரிய வம்பு ஒன்று இருக்கிறது. வெளுத்த பவளம் பார்க்க அழகு. நீலக் கடலடியில் பால் வெள்ளையாகக் கிளை விரித்து நிற்கும். கண்காட்சியில் அந்தப் படத்தின் முன்னால்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகள் செல்ஃபி எடுப்பார்கள். உண்மையில் அது உயிருக்குப் போராடும் நிலை. சூடு தாங்காமல் உடலுக்குள் குடியிருந்த நுண்பாசியைப் பவளம் வெளியே தள்ளிவிட்டது. நிறமும் சாப்பாடும் அந்தப் பாசியால் வந்தவை. நீர் சீக்கிரம் குளிர்ந்தால் பாசி திரும்பி வரும், பவளம் பிழைக்கும். பிழைக்காவிட்டால் எலும்பின்மேல் வேறு பாசி படர்ந்து பழுப்பேறிப் போகும். ஆக, வெள்ளைப் படத்தில் இருப்பது இன்னும் சாகாத பவளம், அழுக்காகத் தெரியும் படத்தில் இருப்பதுதான் செத்தது. விவரம் தெரியாதவர் கண் தலைகீழாகப் படிக்கும். ஒரே இடத்தை மூன்று காலத்தில் எடுத்த மூன்று படங்களைப் பக்கம் பக்கமாக வைத்து, ஒவ்வொன்றின் கீழும் உயிரோடு, ஆபத்தில், இறந்தது என்று எழுதாமல் அந்த ஒற்றை வெள்ளைப் படத்தை யாரும் அச்சிடக் கூடாது என்பது என் கட்சி.

இதே கடலில் விளக்கமே தேவைப்படாத படமும் உண்டு. தூத்துக்குடிக்கு எதிரே இருக்கும் வான் தீவின் கரைக்கோடு. ஒவ்வொரு காலத்தின் கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் தீவு தேய்ந்துகொண்டே உள்ளுக்குள் போவது தெரியும். 2015 வாக்கில் அது இரண்டு ஹெக்டேருக்கும் குறைவு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி இரண்டும் ஏற்கெனவே நீருக்குள். சுண்ணாம்புக்காகப் பவளம் வெட்டிய காலத்தின் பாக்கி இது. வான் தீவைச் சுற்றி அதன் பிறகு செயற்கைப் பாறைகளை இறக்கினார்கள், தீவும் ஓரளவு நிமிர்ந்தது. இவ்வளவையும் நாலைந்து கோடுகள் சொல்லிவிடும். பாக்ஸ் பிளாட், ரிக்ரெஷன் எதுவும் வேண்டாம்.

ஆனால் அழகான படம் என்றால் ஆய்வும் சரியாக இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. முத்துக்கரையில் இதற்கு ஒரு பழைய சாட்சி இருக்கிறது. இலங்கை முத்துச் சிப்பிகளைப் பற்றி ஹெர்ட்மன் என்ற விலங்கியலாளர் எழுதிய அறிக்கையை ராயல் சொசைட்டி 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட்டது. அதன் படத்தகடுகளைப் பார்த்தால் இன்றைக்கும் கை வைக்கத் தோன்றாது, அவ்வளவு நேர்த்தி. முத்து உருவாவதற்கு முக்கியக் காரணம் நாடாப்புழுவின் இளம்பருவம் என்பது அதன் பெரிய வாதங்களில் ஒன்று. பின்னால் அது நிற்கவில்லை. 1906இல் ஒரு கம்பெனி அங்கே சிப்பி வளரும் கடலடித் திட்டுகளான முத்துப் பார்களைக் குத்தகைக்கு எடுத்தது, 1907க்குப் பிறகு சிப்பி இல்லை, கம்பெனி நொடித்தது. ஹெர்ட்மனுக்கு உதவியாளராக வந்த ஜேம்ஸ் ஹார்னெல் பிறகு சென்னை மாகாணப் பணிக்கு மாறி, நம் கரையின் முத்துப் பார்களையும் சங்கையும் பற்றி எழுதினார். தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். பார்கள் வரைபடத்தில் இருக்கின்றன, சிப்பிதான் இல்லை.

மண்ணுக்கு அடியிலிருந்து வந்த ஒரு எண்ணைப் பற்றியும் பேச வேண்டும், எங்கள் மாவட்டத்துச் செய்தி அது. 2025 ஜனவரி 23 அன்று முதலமைச்சர் ஸ்டாலின், தமிழ் நிலத்தில் இரும்பின் காலம் 5,300 ஆண்டுக்கு முந்தையது என்று அறிவித்தார். ராஜனும் சிவானந்தமும் எழுதிய ‘இரும்பின் தொன்மை’ அறிக்கை அப்போது வெளிவந்தது. சிவகளையில் கிடைத்த மாதிரிகளில் மிகப் பழையவை கி.மு. 2953க்கும் கி.மு. 3345க்கும் இடையில் விழுகின்றன என்பது அதன் மையம். மாதிரிகள் ஒரே ஆய்வகத்துக்கு மட்டும் போகவில்லை. அமெரிக்காவின் பீட்டா அனலிட்டிக், லக்னோவின் பீர்பால் சாஹ்னி நிறுவனம், அகமதாபாத்தின் இயற்பியல் ஆராய்ச்சிக்கூடம் என்று பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

அன்று மாலைக்குள் எல்லார் கைபேசியிலும் ஒரு அட்டை வந்துவிட்டது. பின்னணியில் முதுமக்கள் தாழி, நடுவில் தங்க எழுத்தில் 5300. அவ்வளவுதான். பெருமைப்படுகிறவர்கள் அதை அனுப்பினார்கள். நம்பாதவர்கள் அதே அட்டையை அனுப்பிக் கேலி செய்தார்கள். இரண்டு தரப்புக்கும் அந்த அட்டை ஒரே அளவு விஷயத்தைத்தான் கொடுத்தது.

நான் வரைந்திருந்தால் ஒரு நீண்ட காலக்கோடு போட்டிருப்பேன். ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு புள்ளி, புள்ளிக்கு இரண்டு பக்கமும் மீசை. காலக் கணிப்பு ஒரு வருடத்தைச் சொல்வதில்லை, இந்த எல்லைக்குள் இருக்க இவ்வளவு வாய்ப்பு என்று ஒரு நீளத்தைச் சொல்கிறது. அந்த நீளம்தான் மீசை. எந்த ஆய்வகம் என்பதற்கு ஒவ்வொரு வடிவம். கரித்துண்டா, பானை ஓடா, நெல்லா என்பதற்கு ஒவ்வொரு நிறம். அதே சிவகளையில் தாழிக்குள் இருந்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021இல் அறிவித்தார்களே, அந்தப் புள்ளியும் இதே கோட்டில் தள்ளி உட்காரும். பார்க்கிறவருக்கு இரண்டு விஷயம் ஒரே நேரத்தில் தெரியும். பழைய காலத்தில் புள்ளிகள் கூட்டமாக இருக்கின்றன, ஆகவே இதைத் தற்செயல் என்று ஊதித் தள்ள முடியாது. ஒரே இடத்தில் காலங்கள் இவ்வளவு விரிந்து கிடக்கின்றன, ஆகவே எந்தத் தாழி எப்போது புதைக்கப்பட்டது, உள்ளே இருந்த கரியும் இரும்பும் ஒரே காலத்தவையா என்று இன்னும் தோண்டிப் பார்க்க வேண்டும். நம்புகிறவருக்கும் சந்தேகப்படுகிறவருக்கும் உருப்படியாகச் சண்டை போட ஒரு பொருள் கிடைத்திருக்கும். மீசையை வைத்தால் மக்கள் குழம்பிவிடுவார்கள் என்று சொல்கிறவர்கள் உண்டு. “ரெண்டு மணிலருந்து ரெண்டரைக்குள்ள பஸ் வரும்” என்பதைப் புரிந்துகொள்கிற ஜனங்கள்தானே நாம்?

ஆதிச்சநல்லூரில் 2023 முதல் இருக்கும் களக் காட்சியகத்தை இந்த வரிசையில் சேர்ப்பேன். தோண்டிய குழிக்கு மேல் கண்ணாடித் தளம், காலுக்குக் கீழே தாழிகள் கிடந்த இடத்திலேயே கிடக்கின்றன. எந்த ஆழத்தில், எதற்குப் பக்கத்தில் எது என்பதுதான் தொல்லியலின் உயிர். அதை அங்கே நின்றே பார்த்துவிடலாம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

எல்லாவற்றையும் படமாக்க வேண்டும் என்று நான் வாதாடுவதாக நினைக்க வேண்டாம். ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் மீன் கூடக்கூடிய இடங்களை அறிவிக்கிறது. கடல்மேல்பரப்பின் சூட்டையும், பச்சையத்தின் அளவையும் செயற்கைக்கோள் வழியாகப் பார்த்து, இரண்டும் சட்டென்று மாறுகிற எல்லைகளைக் கோடாக இழுப்பார்கள். அந்த வரைபடம் அருமையானது. எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் திரேஸ்புரத்தில் ஒரு போட்டுக்காரரிடம் காட்டியபோது அவர் படத்தைப் பார்க்கவே இல்லை. “படத்த வச்சு நான் என்ன செய்ய? எந்த வாக்குல, எத்தன பாகத்துல, அதச் சொல்லுங்க.” அவருக்கு வேண்டியது அதே அறிவிப்பின் அட்டவணையில் ஒரு வரியாக இருக்கிறது: இறங்குதளத்தின் பெயர், திசை, தூரம், ஆழம், அட்ச தீர்க்கம். அந்த இரண்டு எண்ணை ஜிபிஎஸ்ஸில் அடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். மாதா கோயில் கோபுரத்தையும் அனல்மின் நிலையப் புகைபோக்கியையும் நேர் பார்த்துப் பார் கண்டுபிடித்தவர்களின் பிள்ளைகள் அவர்கள். கடலின் படம் அவர்கள் தலைக்குள்ளேயே இருக்கிறது. ஆழத்தை மீட்டரோடு பாகம் என்ற மீனவர் அளவிலும் போட்டால் போதும், நான் வரைந்து சேர்க்க ஒன்றுமில்லை.

தொழில்நுட்பச் சங்கடம் ஒன்று, இதற்காகவே இந்தப் பதிவைத் தேடி வருகிறவர்கள் இருப்பார்கள். பைத்தானின் மேட்பிளாட்லிப்பில் தமிழில் அச்சுப் பெயர் போட்டால் பல கணினிகளில் எழுத்து உடையும். ‘கொ’வின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். “கொற்கை” என்று எழுதினால் கொற்கைக்காரரே அடையாளம் கண்டுபிடிக்க மாட்டார். அந்த மென்பொருளோடு மல்லுக்கட்ட வேண்டாம். எழுத்தே இல்லாமல் வரைபடத்தை எஸ்விஜி கோப்பாகச் சேமித்து, இங்க்ஸ்கேப்பில் திறந்து, நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில் பெயர்களை நீங்களே எழுதுங்கள். இரண்டுமே இலவசம். இதில் ஒரு லாபமும் இருக்கிறது: ஒவ்வொரு பெயரையும் கையால் எழுதும்போது இது தேவையா என்று ஒரு முறையாவது யோசிப்பீர்கள். பாதிப் பெயர் காணாமல் போய்விடும்.

மாநாட்டுப் போஸ்டர் பற்றி நீளமாகச் சொல்ல எனக்குப் பொறுமையில்லை. 2019இல் மைக் மாரிசன் என்ற அமெரிக்க ஆராய்ச்சி மாணவர் ஒரு மாதிரி காட்டினார். நடுவில் பெரிய எழுத்தில் கண்டுபிடிப்பை ஒரே வாக்கியத்தில் எழுது, மீதியெல்லாம் ஓரத்துக்குப் போகட்டும் என்றார். எல்லாத் துறைக்கும் அது பொருந்தாது. ஆனாலும் ஆய்வேட்டின் ஐந்து அத்தியாயத்தையும் பன்னிரண்டு பாயின்ட் எழுத்தில் ஒட்டிவைத்து, மேலே கல்லூரி முத்திரையையும் தாளாளர் படத்தையும் போடுகிற நம் போஸ்டரைவிட ஆயிரம் மடங்கு மேல்.

இந்த வருடம் ஆய்வேடு கொடுக்கப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தேர்வாளருக்குரிய படங்களை அவர் கேட்கிறபடி, ஆங்கிலத்தில், விதிப்படி வைத்துவிடுங்கள். அதிலிருந்து ஒரே ஒரு படத்தை எடுத்து, தமிழில் தலைப்பு எழுதி, எந்த ஊரில் தரவு எடுத்தீர்களோ அந்த ஊரின் ஊராட்சி அலுவலகச் சுவரிலோ, மீன் இறங்குதளத்தின் பலகையிலோ, பால் சொசைட்டி வாசலிலோ ஒட்டிவிட்டு வாருங்கள். உங்கள் கேள்வித்தாளை மடியில் வைத்துக்கொண்டு நேரம் ஒதுக்கிப் பதில் சொன்னவர்கள் அவர்கள்தான். ஏ3 தாளில் ஒரு கலர் பிரிண்ட் ஐம்பது ரூபாய்க்குள் முடிந்துவிடும்.